அக்டோபரில் வெட்டிய ஜூலைப் பூக்கள்

நான்கு கோடை என் ஹைட்ரேஞ்சியா ஒரு பூகூடப் பூக்கவில்லை. செடியில் ஒரு குறையும் கண்ணில் படவில்லை. மே மாதம் தூரிலிருந்து தடித்தடியாகத் துளிர் கிளம்பும். ஜூன் முடிவதற்குள் தொடை உயரம் வந்துவிடும். இலை ஒவ்வொன்றும் விரித்த உள்ளங்கையைவிடப் பெரிதாக, தடிப்பாக, பளபளவென்று நிற்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் "செடி நல்ல செழிப்பு" என்பார்கள். அந்தப் பாராட்டுதான் என்னை அதிகம் வருத்தியது. வாங்கி வந்த நாளில் அதில் மூன்று கொத்துகள் இருந்தன. இளநீலம். ஒவ்வொன்றையும் இரண்டு கைகளாலும் ஏந்த வேண்டும், அவ்வளவு பெரிசு. அந்த மூன்று கொத்துகளைப் பார்த்துத்தான் வாங்கினேன். அவை வாடிய பிறகு நான்கு ஆண்டும் வெறும் இலைதான்.

நோய் வந்த செடியென்றால் இலையைத் திருப்பிப் பார்ப்போம், பூச்சியைத் தேடுவோம், ஏதாவது ஒரு வழி தெரியும். நன்றாக இருந்துகொண்டே பூக்காத செடியை எங்கே தொட்டுப் பார்ப்பது? முதல் ஆண்டு, புது மண் பழகட்டும் என்று விட்டேன். இரண்டாம் ஆண்டு நிழல் அதிகமோ என்று தோன்றி, காலை வெயில் நன்றாகப் படும் இடத்துக்கு மாற்றி நட்டேன். மூன்றாம் ஆண்டு பாஸ்பரஸ் அதிகமுள்ள உரம் போட்டேன். நான்காம் ஆண்டு அலுமினியம் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். அது பூவின் நிறத்துக்கு ஊற்றுவது, பூப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வேலையை மட்டும் நான் ஓர் ஆண்டுகூட விட்டதில்லை. முதல் உறைபனியில் இலைகள் கறுத்துத் தொங்கியதும், அக்டோபர் கடைசியில், கவாத்துக் கத்தரியை எடுத்துத் தண்டுகளைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுவேன். சருகைக் கூட்டுவேன். குளிர்காலத்துக்கு முன்னால் தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறிப்போன பழக்கம். அதை நான் அக்கறை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிளேடால் பிளந்த மொட்டு

ஐந்தாம் ஆண்டு மார்ச்சில், இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியவர் ஒருவர் வேலியோரமாக நின்று என் செடியைப் பார்த்தார். பல ஆண்டுகளாக ஹைட்ரேஞ்சியா வளர்ப்பவர். பனி அப்போதுதான் உருகி, வெட்டிய கட்டைகள் மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தன.

"தண்டெல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

"வெட்டிவிட்டேனே."

"எப்போது?"

"அக்டோபரில். எல்லா ஆண்டும் அப்படித்தான்."

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு நிமிஷம் வாருங்கள்" என்று தன் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே நின்ற செடியைப் பார்த்தால் யாரும் செத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். இலை இல்லாத குச்சிகள். அவற்றின் உச்சியில் போன ஆண்டுப் பூக்கொத்துகள் காய்ந்து, பழுப்புக் காகிதம்போல அப்படியே இருந்தன. பூ இல்லாத ஒரு தண்டின் நுனியை அவர் ஒடித்தார். அதன் முனையில் ஒரே ஒரு மொட்டு, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, வயிறு பருத்து இருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டிரண்டு மொட்டுகள். அவை ஒல்லியாக, தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. நுனி மொட்டை உள்ளங்கையில் வைத்து, சவர பிளேடால் மேலிருந்து கீழாக நேராகப் பிளந்து, ஒரு பாதியை என்னிடம் கொடுத்து, பூதக்கண்ணாடியையும் நீட்டினார்.

நான் பார்த்ததை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும். வெளியே இரண்டு அடுக்குப் பழுப்பு உறை. அதற்குள் இளம்பச்சையில் குட்டி இலைகள் ஜோடி ஜோடியாக, ஒன்றின்மேல் ஒன்று கவிந்து மூடியிருந்தன. இலை நரம்புகூடத் தெரிந்தது. அந்த இலைகளுக்கு நடுவில், எல்லாவற்றுக்கும் உள்ளே, வெளிறிய பச்சையில் மணல்மணலாக ஒரு சின்னக் குவியல். உற்றுப் பார்த்தபோது அது குவியல் இல்லை, கொத்து என்று புரிந்தது. காம்புகள் பிரிந்திருந்தன, ஒவ்வொரு காம்பின் தலையிலும் ஒரு புள்ளி இருந்தது. ஜூலை மாதம் இரண்டு கைகளாலும் ஏந்த வேண்டிய அந்தப் பூக்கொத்து முழுவதும் மார்ச்சில், பனிக்கு நடுவில், இலையற்ற ஒரு குச்சியின் நுனியில் ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டு இருந்தது.

"இது போன செப்டம்பரிலேயே உருவாகிவிட்டது. நீங்கள் அக்டோபரில் வெட்டினீர்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் என் செடியின் கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு ஆண்டும் அந்தச் செடி பூத்துத்தான் இருந்திருக்கிறது. தன் பங்கு வேலையை ஒவ்வோர் ஆண்டும் முடித்து, மொட்டில் பூட்டி, உச்சியில் வைத்திருக்கிறது. அதை நான் ஒவ்வோர் அக்டோபரிலும் வெட்டிக் குப்பையோடு சேர்த்துக் கூட்டியிருக்கிறேன். என் கத்தரிக்கும் அதன் நாட்காட்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளி வெறும் ஆறு வாரம்.

பெரிய இலை ஹைட்ரேஞ்சியா, அதாவது மேக்ரோஃபில்லா, பழைய தண்டில் பூப்பது. உருண்டைக் கொத்தாகவும், நடுவில் பொடிப்பூக்களும் சுற்றிலும் பெரிய பூக்களுமாகத் தட்டையாகவும் பூப்பவை இரண்டுமே இந்த இனம்தான். கோடை முடிவில் பொழுது குறுகும்போது, வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி ஆறு வாரம்போல அப்படியே இருந்தால், தண்டின் நுனி இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூவை உருவாக்கிவிடுகிறது. அப்புறம் அதற்கு ஒரு குளிர் உறக்கம் வேண்டும். அது முடிந்து வெப்பம் ஏறினால் மொட்டு விரியும். தொட்டியில் பூக்க வைத்து விற்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். மொட்டு வைத்த செடியை 5 டிகிரிபோல உள்ள குளிரறையில் ஆறேழு வாரம் உறங்க வைத்து, பிறகு சூடான கண்ணாடிக் கூடத்தில் எழுப்பி, வசந்தத்தில் பூவோடு கடைக்கு அனுப்புகிறார்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய அந்த மூன்று கொத்துகளும் பெரும்பாலும் அப்படி வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நிஜமான குளிர்காலத்தை அவை பார்த்தே இருக்காது.

வெட்டாமல் விட்டும் பூக்கவில்லை

இதோடு கதை முடிந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. "இலையுதிர்காலத்தில் வெட்டாதீர்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எல்லோரும் சொல்வதும் அதுதான். அந்த அக்டோபரில் நான் கத்தரியைத் தொடவே இல்லை. தூரைச் சுற்றி ஒரு முழம் உயரத்துக்கு மரத்தூளும் சருகுமாக மூடாக்குப் போட்டேன். காய்ந்த பூக்களை உச்சியிலேயே விட்டேன். ஆறாம் ஆண்டு ஜூலை வந்தது. தொடை உயரப் பச்சை இலை. பூ இல்லை.

இந்த முறை எனக்குக் காரணம் தேடத் தெரிந்திருந்தது. ஏப்ரலிலேயே மொட்டுகளைப் பிளந்து பார்த்திருந்தேன். உறைக்குள் இருந்த இலைகள் தேநீர்த் தூள் நிறத்தில் இருந்தன. நடுவில் இருந்த மணல்மணலான கொத்து கறுத்து, விரல் பட்டதும் பொடிந்தது. நுனியிலிருந்து கீழே வரவர ஒவ்வொரு கணுவாகப் பிளந்தேன். மூடாக்குக்குள் புதைந்திருந்த கணுவில்தான் முதல் பச்சை தெரிந்தது. அது ஒல்லி மொட்டு, இலை மொட்டு. நான் கம்பளி போர்த்தியது வேருக்கு. பூ இருந்ததோ உச்சியில், காற்றில்.

செடியோடு வரும் அட்டையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் செடியின் அட்டையில் 'குளிர் மண்டலம் 5' என்று போட்டிருந்தது. அமெரிக்க வேளாண் துறையின் கணக்கில் மண்டலம் 5 என்றால் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக மைனஸ் 29 டிகிரியிலிருந்து மைனஸ் 23 டிகிரி வரை. அட்டை பொய் சொல்லவில்லை. செடி சாகவில்லை, ஒவ்வொரு மே மாதமும் தூரிலிருந்து எழுந்து வந்தது. ஆனால் அந்த எண் சொல்வது செடி பிழைக்குமா என்பதை மட்டும்தான். பூ மொட்டு பிழைக்குமா என்பது வேறு கேள்வி, அதன் எல்லை அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. மேக்ரோஃபில்லா ஜப்பானின் கடலோரத்தைச் சேர்ந்தது. கடல் காற்றில் குளிர் ஒருபோதும் கடுமையாகாத இடம் அது. அங்கே உச்சியில் மொட்டை வைத்துவிட்டுச் சும்மா இருப்பதில் ஆபத்து இல்லை. பூவுக்காக வாங்கும் ஒரு செடியின் அட்டையில் வேர் எவ்வளவு குளிர் தாங்கும் என்று எழுதிவிட்டு, பூ எவ்வளவு தாங்கும் என்பதை எழுதாமல் விடுவது வாங்குகிறவருக்குச் செய்யும் நியாயமில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு ஐந்து ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்னால் பெரியவரின் முறையைக் கேட்டு அப்படியே செய்தேன். மண் உறைவதற்கு முன் செடிக்கு நிறையத் தண்ணீர் விட வேண்டும். உறைந்த மண்ணிலிருந்து வேரால் நீரை இழுக்க முடியாது. காற்றோ தண்டை உலர்த்திக்கொண்டே இருக்கும். குளிரில் செத்ததாக நாம் நினைக்கும் தண்டுகளில் பல தாகத்தில் செத்தவை. (ஹைட்ரேஞ்சியா என்ற பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. கிரேக்கத்தில் 'நீர்ப் பாத்திரம்' என்று பொருள். அது இதன் தாகத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, குடம்போல இருக்கும் விதைக்கூட்டைப் பார்த்து வைத்தது. ஆனாலும் அக்டோபரில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெயர் நினைவுக்கு வரும்.) இலைகள் எல்லாம் உதிர்ந்து, மண் மேலாக உறையத் தொடங்கும் நவம்பரில், தண்டுகளைக் கயிற்றால் லேசாகச் சேர்த்துக் கட்டி, சுற்றிலும் கம்பிவலையை வளையமாக நிறுத்தினேன். வலை நுனி மொட்டைவிட ஒரு சாணாவது உயரமாக இருக்க வேண்டும். அதற்குள் காய்ந்த சருகை நிரப்பினேன். ஓக் இலைதான் நல்லது. அது சுருண்டு காய்வதால் நடுவில் காற்று நிற்கும். மேப்பிள் இலை நனைந்தால் தட்டையாகப் படிந்து, பாய் விரித்ததுபோல ஆகிவிடும். வலைக்கு வெளியே சணல் சாக்கு. பிளாஸ்டிக் கூடவே கூடாது. வெயிலடிக்கும் ஜனவரி பகலில் அதற்குள் வெப்பம் ஏறி, இரவில் சடாரென்று இறங்கி, உள்ளே வியர்த்து, மொட்டு அழுகிவிடும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சருகு கால்வாசி இறங்கியிருக்கும், மறுபடி நிரப்ப வேண்டும். அதன்மேல் பனி விழுந்தால் தட்டிவிடவே கூடாது. பனியைவிட நல்ல போர்வை நம் கையில் எதுவும் இல்லை.

இவ்வளவும் செய்தும் ஏழாம் ஆண்டு இரண்டே கொத்துதான் வந்தது. அவையும் அடிப்பக்கத்தில், இலைக்குள் மறைந்து. தவறு என் பொறுமையில். மார்ச் கடைசியில் ஒரு வாரம் நல்ல வெயில் அடித்தது. எனக்கு ஆவல் தாங்கவில்லை. சாக்கையும் சருகையும் ஒரே நாளில் எடுத்துவிட்டேன். மொட்டுகள் பருத்துப் பச்சை தெரிய ஆரம்பித்தன. பத்து நாள் கழித்து மைனஸ் 6 டிகிரி. ஜனவரியில் அதைப்போல மூன்று மடங்கு குளிரைத் தாங்கி உறங்கிய மொட்டு, கண் திறந்த பிறகு அதைத் தாங்கவில்லை. குளிர்ப் பிரதேசத்தில் இந்தச் செடியைக் கெடுப்பது பெரும்பாலும் நடுக்குளிர்காலம் இல்லை, குளிர் போய்விட்டது என்று நம்பவைக்கும் அந்த ஒரு வாரம்தான். உறக்கம் கலைந்த மொட்டு பழைய உறுதிக்குத் திரும்புவதில்லை. இளந்தளிர் விரிந்துவிட்டால் மைனஸ் 2 அல்லது 3 டிகிரியே போதும். இப்போதெல்லாம் சருகை மூன்று தவணையாக, ஏப்ரல் முழுவதும் எடுக்கிறேன். பழைய போர்வை ஒன்றைக் கதவுக்குப் பின்னாலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.

கத்தரிக்கு உரிய நாள்

அப்படியானால் மேக்ரோஃபில்லாவை வெட்டவே கூடாதா? வெட்டலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டும். மே மாதம் இலை விரியும்வரை நான் கத்தரியை எடுப்பதில்லை. அதற்கு முன்னால் எது உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று கண்ணுக்குத் தெரியாது. சந்தேகமுள்ள தண்டின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டினால், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பென்றால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்ட வேண்டும். நுனியிலிருந்து இறங்கி வந்து, நன்றாகப் பருத்த முதல் ஜோடி மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுவேன். காய்ந்த பூக்கொத்துகளும் அப்போதுதான் போகும். குளிர்காலம் முழுவதும் அவை தங்களுக்குக் கீழே இருக்கும் மொட்டுகளுக்குக் கொஞ்சம் மறைப்பாக இருந்திருக்கும். பட்டை உரிந்து கிழடாகிப்போன தண்டு ஒன்றிரண்டை ஆண்டுக்கு ஒருமுறை தூரோடு எடுத்துவிடுவேன். அதனால் வெளிச்சம் உள்ளே போகும், புதுத் தண்டு வரும். கோடையில் பூவை ஜாடிக்கு வெட்டுவதென்றாலும் ஜூலை முடிவுக்குள், காம்பைச் சின்னதாகவே வெட்டுவேன். ஆகஸ்டுக்குப் பிறகு தழைச்சத்து உரமும் போடுவதில்லை. அப்போது கிளம்பும் இளந்தண்டு முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும்.

இதையே எல்லா ஹைட்ரேஞ்சியாவுக்கும் சட்டமாக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பானிகுலாட்டா என்பது கூம்புக் கொத்தாகப் பூப்பது. சீனா, ஜப்பான், சாகலின் தீவு என்று கடும்பனி கண்ட மண்ணிலிருந்து வந்தது. மைனஸ் 40 டிகிரி தொடும் மண்டலம் 3-லும் வெளியில் நின்று பூக்கும். காரணம் எளிது. அது வசந்தத்தில் முளைக்கும் புதுத் தண்டில், அந்த ஆண்டே மொட்டு வைக்கிறது. குளிர்காலத்தில் அது பணயம் வைக்க எதுவும் இல்லை. அதை இலை வருவதற்கு முன், மார்ச்சிலோ ஏப்ரலிலோ மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் தண்டு உறுதியாகும், கொத்து பெரிதாகும். அமெரிக்காவின் கிழக்குக் காடுகளைச் சேர்ந்த ஆர்போரெசென்ஸும் அப்படித்தான். அதில் பெயர்பெற்ற அன்னபெல், இல்லினாய்ஸ் மாநிலத்தின் அன்னா என்ற ஊரருகே கிடைத்த செடி, அந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கிறது. அதை அடியோடு வெட்டினாலும் பூக்கும். நான் இரண்டு சாண் உயரம் விடச் சொல்வேன். மழையில் நனைந்த கொத்தின் கனத்துக்குப் புதுத் தண்டு மண்ணில் சாய்ந்துவிடும், பழைய கட்டை அதைத் தாங்கிப் பிடிக்கும். ஓக் இலை வடிவில் இலை விடும் குவர்சிஃபோலியாவோ மறுபடியும் பழைய தண்டுக்காரன். ஆகவே கத்தரியை எடுப்பதற்கு முன்னால் கையில் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். இலை தடித்துப் பளபளத்தால் மேக்ரோஃபில்லா. இதயம்போல, மெல்லிசாக, மங்கலாக இருந்தால் ஆர்போரெசென்ஸ். ஒரே கணுவில் மூன்று இலை அடிக்கடி தென்பட்டால் பானிகுலாட்டா.

இரண்டு தண்டிலும் பூக்கும் வகைகளும் இப்போது உண்டு. கடுங்குளிர் மாநிலமான மினசோட்டாவில் கண்டெடுத்து, 2004-ல் விற்பனைக்கு வந்த எண்ட்லெஸ் சம்மர் இதில் பிரபலம். பழைய மொட்டு செத்தாலும் புதுத் தண்டு பூக்கும். ஆனால் கோடை குறுகிய இடங்களில் அந்தப் பூ வருவதற்குள் ஆகஸ்ட் முடிந்துவிடும். இந்த வகைக்கும் பழைய மொட்டைக் காப்பாற்றினால்தான் ஜூலையில் பூ.

"அவ்வளவு பாடுபட வேண்டுமா? பானிகுலாட்டா நட்டுவிட்டுப் போகலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. மண்டலம் 3, 4-ல் இருப்பவர்களுக்கு நானே அதைத்தான் முதலில் சொல்வேன். என் வாசலிலும் லைம்லைட் என்ற பானிகுலாட்டா ஒன்று நிற்கிறது. ஆண்டு தவறாமல் பூக்கிறது, எனக்கு அதன்மேல் பிரியம்தான். ஆனால் அது நீலமாகாது. மண்ணின் அமிலத்தன்மைக்கும் அலுமினியத்துக்கும் ஏற்ப நிறம் மாறுவது மேக்ரோஃபில்லாவும் அதன் நெருங்கிய சொந்தமான செராட்டாவும்தான். மண்ணின் அமில அளவைச் சொல்லும் பி.எச். 5.5-க்குக் கீழே நீலம், 6.5-க்கு மேலே இளஞ்சிவப்பு, இடையில் ஊதா. அந்த நீலத்துக்காக நவம்பரில் ஒரு மதியமும் ஏப்ரலில் நாலைந்து மாலைகளும் கொடுப்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

எட்டாம் ஆண்டு பதினொரு கொத்துகள் வந்தன. ஜூன் மாதம் முழுக்க அவை பச்சையாகவே இருந்தன, அந்தப் பிளந்த மொட்டில் பார்த்த அதே வெளிறிய பச்சை. பிறகு ஒவ்வொரு பூவின் விளிம்பிலும் நீலம் ஏறத் தொடங்கி, நடுவை நோக்கிப் பரவியது. நாம் இதழ் என்று நினைப்பவை இதழ்களே இல்லை, புல்லிகள். அதனால்தான் அவ்வளவு நாள் உதிராமல் நிற்கின்றன. முதல் கொத்து முழுதாக நீலமான அன்று பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொத்தைப் பார்க்கவில்லை அவர். குனிந்து, பூக்காத தண்டுகளின் நுனிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

இந்த ஆண்டும் ஏப்ரல் பாதியாகிவிட்டது. நேற்று ஒரு மொட்டைப் பிளந்தேன், பச்சை. இரண்டாவது சருகு அள்ளல் முடிந்திருக்கிறது, தண்டுகளின் மேல்பாதி வெளியே தெரிகிறது. இன்று இரவு மைனஸ் 4 என்கிறார்கள். போர்வையை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.